முதன்மைச் சாலை எது?

"எட்டாயிரம் குடுத்துட்டுப் போப்பா. அதுக்கு மேல நான் கேக்கல," என்றார் பரணிதரன்.

 வீரையனின் வெள்ளை நிறச் சிறிய காரின் முகப்பு, பரணிதரனின் புதிய காரின் இடப்புறக் கதவுக்குள் ஒரு சாண் ஆழம் புகுந்து நின்றது. இரண்டையும் உடனே பிரிப்பதா, காவல் துறையினர் வரும்வரை அவ்வாறே விட்டுவைப்பதா என்னும் வினாவுக்கு, சுற்றி நின்ற பதினொரு பேரும் பதினொரு விடைகளை வழங்கிக்கொண்டிருந்தனர்.

விபத்து நிகழ்ந்த இடம் ஒரு நாற்சந்தி. திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே, மேலப்படுகை என்னும் சிற்றூரின் நுழைவாயிலில் அது அமைந்திருந்தது. அங்கே நான்கு சாலைகள் கூடின. அன்று காலை ஒன்பதே காலுக்கு இரண்டு கார்களும் கூடின. வீரையன் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிச் சென்றார். பரணிதரன் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிச் சென்றார். இருவரும் ஹாரனை அழுத்தினர். ஹாரனை அழுத்தியவருக்கு வழி கிடைத்துவிடும் என்று இருவரும் நம்பினர். நடந்தது இவ்வளவே.

பரணிதரன் அவ்வூரின் பெரிய வீட்டுப் பிள்ளை. திருச்சியில் குடியிருந்துகொண்டு, தோப்புக் குத்தகையை வாங்குவதற்காக மாதம் ஒருமுறை ஊருக்கு வருபவர். வீரையனோ அப்பெரிய வீட்டு வயல்களில் முப்பது ஆண்டுகள் கூலிக்கு உழைத்தவர். பின்னர்க் குத்தகைக்கு உழுதவர். எட்டு ஆண்டுகளுக்கு முன்னர், பரணிதரனின் தந்தை உயிரோடிருந்த காலத்தில், அவரிடமிருந்தே ஒரு மா நிலத்தை விலைக்கு வாங்கினார். ஒரு மா என்பது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. சந்திக்கு வடக்கே, கிழக்கு மேற்குச் சாலைக்கு இணையாக, உலர்த்திய வேட்டியைப் போல் நீண்டு கிடந்த அந்நிலமே, வீரையனின் வமிசத்தில் எவர் பெயருக்கும் முதன்முதலாக வந்த நிலம். சம்பா நட்டு இருபது நாள் ஆகியிருந்தது. விபத்தை அதுவும் பார்த்துக்கொண்டிருந்தது.

"எட்டாயிரம் எதுக்குத் தம்பி? நீங்கதான குறுக்க வந்தீங்க," என்றார் வீரையன்.

"நான் குறுக்க வந்தேனா? உன் வண்டி மூஞ்சிதான என் கதவுக்குள்ள இருக்கு. என் கதவா வந்து உன் மூஞ்சியில மோதுச்சு?"

"நான் ஹாரன் அடிச்சேன்."

"நானுந்தான் அடிச்சேன். ஐம்பத்தஞ்சு வயசுக்கு மேல வண்டி பழகி, இதெல்லாம் தேவையா? உனக்கு எதுக்கு வீரையா காரு? சைக்கிள் போதாதா?"

இந்தக் கடைசி வினா மட்டும் கேட்கப்படாதிருந்தால், வீரையன் எட்டாயிரத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். பணம் அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது. உரம் வாங்கப் புறப்பட்டிருந்தார். ஆனால் வினா கேட்கப்பட்டுவிட்டது. கேட்கப்பட்ட வினாவின் விலையை எவ்வாறு கணக்கிடுவது என்பது அங்கிருந்த பதினொருவரில் எவருக்கும் தெரியவில்லை.

சந்தியின் தென்மேற்கு மூலையில் தேநீர்க் கடை வைத்திருந்த செல்லதுரை, ஐந்தாண்டுக் காலம் வார்டு உறுப்பினராக இருந்தவர். பதவி போன பின்னரும் தீர்ப்பு வழங்கும் பழக்கம் அவரை விட்டு நீங்கவில்லை.

"ரெண்டு பேரும் ஆளுக்கொரு டீ சாப்புடுங்க. சாப்ட்டுட்டுப் பேசுவோம்," என்றார் அவர்.

பெரிய வண்டியும் சிறிய வண்டியும் மோதினால் குற்றம் பெரிய வண்டியின் மீதே என்பது அவ்வட்டாரத்தின் நீண்ட நாள் வழக்கம். லாரியும் காரும் மோதினால் லாரி; காரும் மொபெட்டும் மோதினால் கார்; மொபெட்டும் ஆடும் மோதினால் மொபெட். அன்றோ பெரிய வண்டியின் உரிமையாளரும் பெரியவராக இருந்தமையால், வழக்கம் சற்றே தயங்கி நின்றது.

"சின்னவரு வண்டி பெருசுதான். ஆனா புதுசு," என்று செல்லதுரை ஆராய்ந்து கூறினார். "புது வண்டிக்குச் சேதம்னா அது தனி. அதனால பாதிக்குப் பாதி. வீரையண்ணே, நீங்க நாலாயிரம் குடுத்துருங்க. மிச்சத்தை அவரு பாத்துக்குவாரு."

"நாலாயிரம் குடுத்தா, நாலாயிரத்துக்கு நான் தப்பு பண்ணுனேன்னு ஆயிடும்ல?"

"அது தப்புக்கு இல்லண்ணே. கதவுக்கு."

"அந்தக் கதவை நான் இடிச்சேன்னு ஒத்துக்கிட்டாத்தான கதவுக்குக் காசு?"

"இடிச்சது ஊருக்கே தெரியுதேண்ணே. இன்னும் உள்ளதான இருக்கு."

வீரையன் கைப்பேசியை எடுத்துக் காவல் நிலையத்தை அழைத்தார். சிக்கலைத் தீர்ப்பதற்கு அவர் எடுத்த முதல் நடவடிக்கை இதுவாகும்.

*

உதவி ஆய்வாளர் ஹாஃபிஸா சட்டம் அறிந்தவர். அதனால் அவரிடம் சென்ற வழக்குகள் விரைவில் முடிவதில்லை.

"யார் மெயின் ரோட்டுல வந்தது?" என்று கேட்டார்.

"நான்," என்றனர் இருவரும்.

"அங்க போர்டு ஏதாவது இருக்கா?"

"இருந்துச்சும்மா," என்றார் வீரையன். "புயல்ல விழுந்துருச்சு. இப்ப செல்லதுரை கடைக்குக் கூரையா இருக்கு."

"அதுல என்ன எழுதியிருக்கு?"

"துருப்பிடிச்சுப் போச்சும்மா. கொடுமுடின்னு இருக்கா கொள்ளிடம்னு இருக்கான்னே தெரியல."

ஹாஃபிஸா ஒரு வெள்ளைத் தாளில் கூட்டல் குறி ஒன்றை வரைந்தார். இருவரையும் அதில் இரண்டு அம்புகளாகக் குறித்தார்.

"நல்லாக் கேட்டுக்கங்க. ரெண்டும் சமமான ரோடுன்னா, வலது பக்கத்துலருந்து வர்ற வண்டிக்குத்தான் முதல் வழி. வீரையன், உங்களுக்கு வலது பக்கம் இவரு. அப்ப தப்பு உங்க மேல."

பரணிதரன் புன்னகைத்தார்.

"ஆனா, நீங்க வந்தது மெயின் ரோடு, இவரு வந்தது கிளை ரோடுன்னு வைங்க. இவருதான் நின்னு பாத்து வந்திருக்கணும். அப்ப தப்பு இவரு மேல."

புன்னகை இடம் மாறி வீரையனிடம் வந்து சேர்ந்தது.

"அப்ப மெயின் ரோடு எதுன்னு தெரிஞ்சா போதுமாம்மா?"

"போதும்தான். ஆனா எதுக்குங்க இதெல்லாம்? வெளிய உக்காந்து பேசி முடிச்சுக்கங்க. கேஸ்னு போனா வண்டி ரெண்டும் இங்கயே நிக்கும். மழை நாளு."

"நிக்கட்டும்மா. எங்க ரோடுதான் மெயின் ரோடுன்னு நான் எழுதி வாங்கிட்டு வரேன்."

பரணிதரன் தம் வழக்கறிஞரை வரவழைத்து ஐந்தே நாளில் தம் காரை மீட்டுக்கொண்டார். வீரையனின் கார் நிலையத்தின் வேப்பமரத்தடியில் நின்றது. ஐப்பசி மழை அதன்மீது நேர்மையாகப் பெய்தது. பின்னர் ஒருநாள் அவர் பார்க்கச் சென்றபோது, உடைந்த முகப்பு விளக்கின் வழியே உள்ளே புகுந்த பூனை ஒன்று அங்கே மூன்று குட்டிகளை ஈன்றிருந்தது.

"குட்டிங்க கண்ணு முழிக்கற வரைக்கும் வண்டியை அசைக்காதீங்க," என்று ஹாஃபிஸா கேட்டுக்கொண்டார். இந்த ஒரு கோரிக்கை மட்டுமே அவ்வழக்கில் எல்லாத் தரப்பினராலும் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

*

நெடுஞ்சாலை அலுவலகத்தில் இருந்தவர் வீரையனின் மனுவை இருமுறை படித்தார்.

"இது எங்க ரோடு இல்லங்க. ஒன்றியத்து ரோடு. அங்க போங்க."

"எங்க ரோடு இல்லன்னு எழுதிக் குடுங்க சார்."

எழுதிக் கொடுத்தார்.

ஒன்றிய அலுவலகத்தில் இருந்தவர் அக்கடிதத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அவங்க ரோடு இல்லன்னா எங்க ரோடா? எங்க பதிவேட்டுல இது இல்ல. நெடுஞ்சாலைதான்."

"அப்ப நீங்களும் எழுதிக் குடுங்க."

அவரும் எழுதிக் கொடுத்தார். வீரையன் இரு கடிதங்களையும் நெகிழி உறையில் இட்டு, காவல் நிலையத்தில் பெருமிதத்துடன் சேர்ப்பித்தார். அவற்றின் நகலைப் பெற்ற பரணிதரனின் வழக்கறிஞர் அதனினும் அதிகமாக மகிழ்ந்தார். மேற்கிலிருந்து கிழக்கே செல்வது முதன்மைச் சாலையன்று. அரசின் ஈர் அலுவலகங்களின் கூற்றுப்படி அது சாலையே அன்று என்று அவர் அறிவிப்பு அனுப்பினார்.

அவ்வறிவிப்பில் இழப்பீடும் வரையறுக்கப்பட்டிருந்தது. கதவு, கண்ணாடி, வண்ணப்பூச்சு ஆகியவற்றுக்கு எழுபத்து நாலாயிரம். கார் இல்லாத நாட்களில் வாடகை வண்டிக்கு ஒன்பதாயிரம். மன உளைச்சலுக்குப் பதினேழாயிரம். கூட்டுத்தொகை ஒரு லட்சமாக முழுமையடைய வேண்டும் என்பதற்காகவே உளைச்சல் அவ்வளவு துல்லியமாக அளக்கப்பட்டதாகத் தோன்றியது.

வீரையனின் மனைவி பொன்னுத்தாய் அந்த அறிவிப்பை அடுப்படியில் நின்றவாறே படித்து முடித்தார்.

"நாலாயிரத்துல முடிய வேண்டியதை ஒரு லட்சமா வளத்துட்டீங்க. நெல்லை இந்த மாதிரி வளத்திருந்தா இந்நேரம் மாடி வீடு கட்டியிருக்கலாம்."

"கேஸ் நம்ம பக்கம் இருக்கு, பொன்னு."

"கேஸ் நம்ம பக்கம் இருக்கட்டும். காசு எந்தப் பக்கம் இருக்கு? தோத்துட்டா என்ன பண்ணுவீங்க? இருக்கறது ஒரு மா."

"வயலைத் தொட மாட்டேன். காரு போனா போவட்டும், வயலு போவாது."

"காரு ஏற்கனவே பூனை கிட்ட போயிடுச்சு."

வீரையன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். உண்ணவில்லை.

"இந்த ஊர்ல நான் எத்தனை பேருக்கு வழி விட்டுருப்பேன் தெரியுமா?" என்றார் பின்னர். "அவங்க அப்பா வண்டி வந்தா சைக்கிளை விட்டு எறங்கி, செருப்பைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு, வாய்க்கா ஓரமா நிப்பேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, முதல் வழி எனக்குன்னு ஒரு பேப்பர் சொல்லட்டுமே."

பொன்னுத்தாய் குழம்பை ஊற்றினார். கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து வருமாறு மறுநாள் காலையில் அவரே கூறினார்.

கிராம நிர்வாக அலுவலர் அனுபவசாலி. "ரோடு யாருதுன்னு தேடாதீங்க. ரோடு எங்க இருக்குன்னு தேடுங்க. நில அளவை வரைபடத்துல எல்லாம் இருக்கும். சர்வேக்கு மனு போடுங்க," என்றார்.

வீரையனுக்கு இருள் விலகியது போலிருந்தது. சாலை விதிகள் அவர் ஐம்பத்தைந்து வயதில் கற்றவை. அளப்பதோ பிறந்தது முதல் அறிந்த கல்வி. குத்தகைக்கு உழுத காலத்தில், பக்கத்து வயல்காரர் ஆண்டுக்கு நான்கு விரற்கடை வரப்பை நகர்த்தி வந்தபோது, அளந்தே அவரை வென்றார். டெல்டாவில் பிறந்த ஒருவருக்குத் தகராறு என்பதெல்லாம் இறுதியில் வரப்புத் தகராறுதான். அதற்கு மருந்து அளவுச் சங்கிலி. கார்களின் மோதலையும் சங்கிலியால் அளந்துவிடலாம் என்று அவர் முடிவு செய்தார். கட்டணம் செலுத்தினார். மனு போட்டார்.

*

நில அளவர் செந்தில்குமார் ஏழு வாரங்கள் கழித்து, மார்கழி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் வந்து சேர்ந்தார். முப்பது வயது, வேறு மூன்று ஊர்களுக்கும் அன்றே செல்லவேண்டிய அவசரம். அவருடன் கிராம உதவியாளர் நல்லக்கண்ணு, அளவுச் சங்கிலியையும் சிவப்புக் கொடிக் குச்சிகளையும் சுமந்து வந்தார். சம்பா கதிர் முற்றித் தலை சாய்ந்திருந்தது. ஊரில் பாதிப் பேர் சந்தியில் கூடியிருந்தனர். தேநீர் விற்றுத் தீர்ந்தது.

பரணிதரன் முன்கூட்டியே வந்து காத்திருந்தார். வழக்கறிஞர் உடன் வரவில்லை. கையில் பழுப்பேறிய காகிதக் கட்டு ஒன்று இருந்தது.

"வீரையண்ணே, ஒரு நிமிஷம் இப்படி வாங்களேன்."

வீரையன் திரும்பிப் பார்த்தார். வேறு யாரேனும் அழைக்கப்பட்டிருக்கலாம் என்று எண்ணினார். அறுபது ஆண்டுகளில் அவ்வீட்டார் ஒருவர் அவரை 'அண்ணே' என்றும் 'வாங்க' என்றும் அழைத்தது அதுவே முதல் முறை. அளவை தொடங்குவதற்கு முன்னரே சங்கிலி தன் வேலையைக் காட்டத் தொடங்கிவிட்டது என்று கருதினார்.

"சொல்லுங்க தம்பி."

"அளக்க வேணாம்ணே. நான் நோட்டீஸை வாபஸ் வாங்கிக்கறேன். ஒரு பைசா வேணாம். உங்க வண்டிச் செலவையும் நானே குடுத்துர்றேன்."

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா?"

"அன்னைக்கு எனக்குத் தெரியாதுண்ணே."

"என்ன தெரியாது? எது மெயின் ரோடுன்னா?"

பரணிதரன் கையிலிருந்த காகிதக் கட்டைப் பார்த்தார். "கேஸுக்காக அப்பாவோட பெட்டியைத் தொறந்து பழைய பேப்பரெல்லாம் எடுத்தேன். இது அளந்தா நல்லா இருக்காது. உங்களுக்குத்தான் சொல்றேன்."

"மிரட்டுறீங்களா?"

"ஐயோ, இல்லண்ணே. தப்பு என் மேலதான்னு வேணா எழுதிக் குடுத்துர்றேன். ஊர் முன்னாடி கையெழுத்துப் போடறேன்."

சற்றுத் தள்ளி நின்ற பொன்னுத்தாய் அருகில் வந்தார்.

"எழுதித் தர்றேங்கறாரே. வாங்கிக்கங்க. வாங்கிட்டு வூட்டுக்கு வாங்க."

வீரையன் மனைவியைத் தனியே அழைத்துச் சென்று தாழ்ந்த குரலில் கூறினார்:

"எழுதித் தந்தா, அவரு பாத்துத் தந்ததா இருக்கும். அளந்தா, நானா வாங்குனதா இருக்கும். இத்தனை நாளு அவங்க தந்ததைத்தான் வாங்கிட்டு இருந்தோம்."

பின்னர் நில அளவரை நோக்கித் திரும்பினார்.

"அளங்க சார்."

செந்தில்குமார் வரைபடத்தை விரித்தார். ஆற்றங்கரையில் இரண்டு ஊர்களின் எல்லைகள் கூடும் இடத்தில் இருந்த பழைய எல்லைக் கல்லைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கிருந்து கணக்கிடத் தொடங்கினார். கால் மணி நேரம் கணக்குப் போட்டார். பிறகு அவர் நிமிர்ந்து, கூடியிருந்தோர் அனைவருக்கும் கேட்கும்படி அறிவித்தார்.

"மேற்குலருந்து கிழக்க போறதுதான் பழைய ரோடு. வரைபடத்துல ரோடுன்னு இருக்கறதே அது ஒண்ணுதான். முப்பத்து மூணு அடி அகலம். தெக்குலருந்து வர்றது அதுல வந்து சேர்ற வண்டிப் பாதை."

கூட்டம் ஆரவாரித்தது. செல்லதுரை முதல் ஆளாக வந்து வீரையனின் கையைப் பற்றினார்.

"நான் அன்னைக்கே நினைச்சேண்ணே. பெரிய வண்டி மேலதான் தப்பு."

"நாலாயிரம் கேட்டியே."

"அது தப்புக்கு இல்லண்ணே, கதவுக்குன்னுதான அப்பயும் சொன்னேன்."

வீரையன் பரணிதரனைப் பார்த்தார். தாம் எண்ணி வைத்திருந்த சொற்கள் பல இருந்தும், ஒன்றையே கூறினார்.

"கேட்டுக்கிட்டீங்களா தம்பி?"

"கேட்டுக்கிட்டேண்ணே. இதோட நிறுத்திக்குவோம்," என்றார் பரணிதரன். அவர் தலை நிமிரவில்லை.

அந்த இடத்தில் வீரையன் நிறுத்தியிருக்கலாம். வென்றவர்கள் நிறுத்துவதில்லை என்பதே வரலாறு நமக்குக் கூறும் செய்தி. நாளைக்கு வேறொருவர் வந்து மீண்டும் வினா எழுப்பக்கூடாது என்று அவர் கருதினார்.

"சார், ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கல்லு நட்டுக் குடுத்துருங்க. செலவு என்னோடது."

"கல்லு நடணும்னா ஓரம் முழுக்கப் பிடிக்கணும். நேரமாகும்."

"ஆவட்டும் சார்."

நல்லக்கண்ணு சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, ஆற்றங்கரைக் கல்லிலிருந்து தெற்கு நோக்கி நடந்தார். தார்ச்சாலைக்கு வெகு தொலைவு முன்பாகவே செந்தில்குமார் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். நல்லக்கண்ணு நின்ற இடத்தில் முதல் கொடியை ஊன்றினார். அவ்விடம் வீரையனின் வயலின் வடக்கு வரப்பு.

"நல்லக்கண்ணு, ரோடு இங்க இருக்கு. நீ எங்க நிக்கற?" என்று செல்லதுரை சாலையிலிருந்து கேட்டார். சிலர் சிரித்தனர்.

"சார் சொன்ன எடத்துலதாங்க நிக்கறேன்."

அங்கிருந்து முப்பத்து மூன்று அடி அளக்கப்பட்டது. முற்றிய கதிர்களை இரு கைகளாலும் விலக்கிக்கொண்டு நடந்த நல்லக்கண்ணு, இரண்டாவது கொடியைத் தெற்கு வரப்பில் ஊன்றினார். பிறகு கிழக்கு நோக்கி நகர்ந்தார். வடக்கில் ஒன்று, தெற்கில் ஒன்று, வடக்கில் ஒன்று, தெற்கில் ஒன்று என்று கொடிகள் எழுந்தன. பள்ளி விளையாட்டு விழாவின் ஓட்டப் பாதையைப் போல வயல் அழகாகத் தோன்றியது. சிரித்தவர்கள் சிரிப்பதை ஒவ்வொருவராக நிறுத்தினர்.

"சார், எதுக்கு என் வயலுக்குள்ள கொடி நடுறீங்க?" என்றார் வீரையன்.

செந்தில்குமார் மீண்டும் கணக்கிட்டார். விடை மாறவில்லை. விளக்கம் கூறும் பொறுப்பு பரணிதரனிடம் வந்து சேர்ந்தது.

"அண்ணே, நாமெல்லாம் பொறக்கறதுக்கு முன்னாடி பெரிய வெள்ளம் வந்துச்சாம். பழைய ரோடு மண்ணு மூடிப் போச்சாம். அவசரத்துக்கு எங்க தாத்தா நிலத்து வழியா வேற ரோடு போட்டாங்களாம். அதுவே நின்னுபோச்சு. மண்ணு மூடுன எடத்தைத் திருத்தி எங்க வீட்டுல உழ ஆரம்பிச்சிருக்காங்க. ரோடு எங்க நிலத்தை எடுத்துச்சு, நாங்க ரோடு இருந்த எடத்தை எடுத்துக்கிட்டோம்னு தாத்தா ஒரு தாள்ல எழுதி வெச்சிருக்காரு."

"அதுக்கும் எனக்கும் என்ன தம்பி? நான் உங்க அப்பாகிட்டக் காசு குடுத்து வாங்குனேன். பத்திரம் இருக்கு. பட்டா இருக்கு."

"இருக்குண்ணே. அப்பா நம்பரை எல்லாம் சரியாத்தான் எழுதிக் குடுத்திருக்காரு. காட்டுன வரப்புதான்..."

 எட்டு ஆண்டுகளுக்கு முன்னர் பரணிதரனின் தந்தை வரப்பில் நின்று கைத்தடியால் நான்கு மூலைகளையும் சுட்டிக் காட்டினார். வீரையன் வாழ்நாளில் அளக்காமல் ஏற்றுக்கொண்ட எல்லைகள் அவை மட்டுமே. ஐயா காட்டியதை அளப்பது மரியாதையன்று என்று அவர் அப்போது எண்ணியிருந்தார்.

"உங்க பட்டா நம்பர் என்னங்க?" என்று செந்தில்குமார் கேட்டார்.

"நூத்து நாப்பத்தி ரெண்டு பார் மூணு," என்றார் வீரையன். பெற்ற மகளின் பிறந்த நாளைக் கூட அவர் அவ்வளவு விரைவாகக் கூறியதில்லை.

நில அளவர் வரைபடத்தில் விரலை வைத்துத் தேடினார். விரல் ஓரிடத்தில் நின்றது. அவர் தலையை உயர்த்தி, கொடிகள் ஊன்றிய வயலைப் பார்க்காமல், தார்ச்சாலையைப் பார்த்தார். பார்த்துவிட்டு வரைபடத்தை மடித்தார்.

"ஆபீஸ்லருந்து முறைப்படி கடிதம் வரும்ங்க. அறுவடைக்கு அவகாசம் கேட்டு ஒரு மனு குடுத்துருங்க," என்று கூறிவிட்டுத் தம் இருசக்கர வாகனத்தை நோக்கி நடந்தார். அடுத்த ஊரில் அவருக்காகக் காத்திருந்தனர்.

கூட்டம் கலையாமல் நின்றது. பொன்னுத்தாய் வரப்பில் அமர்ந்துவிட்டார். பரணிதரன் காகிதக் கட்டை மீண்டும் கட்டினார். வீரையன் வயலுக்குள் இறங்கிச் சென்று, சங்கிலியைச் சுருட்டிக்கொண்டிருந்த நல்லக்கண்ணுவின் எதிரில் நின்றார்.

"அந்தாளு சொல்லாமப் போறாரு. நீ ரெண்டு முனையையும் புடிச்சவன். நீ சொல்லு. கடைசில ஜெயிச்சது யாரு?"

நல்லக்கண்ணு சங்கிலியின் கடைசிக் கண்ணிகளைத் துடைத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"நீங்கதாண்ணே ஜெயிச்சீங்க, அவரு தார் ரோடா கெடக்கற உங்க நிலத்துக்குள்ள காரை வுட்டுத்தான் இடிச்சிருக்காரு, நீங்கதான் எட்டு வருஷமா மெயின் ரோட்டுல நாத்து நட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க."